ஒரு நிழல் மூலை, நான்கு மழைக்காட்டுப் பனைகள்: எதை வைப்பது?

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். மழைக்காட்டின் அபூர்வப் பனைகளை வைப்பவனுக்கு அந்தப் பார்க்கும் பாக்கியம்கூட நிச்சயமில்லை. விதை முளைக்கவே ஒரு வருடம் எடுத்துக்கொள்ளும் இனங்கள் இவற்றில் உண்டு. முளைத்து வந்தாலும், படத்தில் பார்த்து மயங்கினோமே அந்தப் பேரோலை, அது விரிய இன்னும் பல வருடம் ஆகும். எதை வைப்பது என்பதில் அவசரப்பட்டால், செய்தது தவறு என்று தெரியவே ஐந்தாறு வருடம் போய்விடும்.

இங்கே நான் எடுத்துக்கொண்டவை நான்கு. வளர்ப்பவர்கள் ஜோயி பாம் என்று செல்லமாகக் கூப்பிடும் யோஹன்னஸ்டைஸ்மானியா. ஓலையின் அடிப்பக்கம் வெள்ளைவெளேரென்றிருக்கும் கெரியோடாக்ஸா. மட்டையெல்லாம் அரக்குச் சிவப்பாக நிற்கும் சிர்டோஸ்டாக்கிஸ் ரெண்டா; லிப்ஸ்டிக் பாம் என்றால் எல்லோருக்கும் புரியும். வட்ட விசிறிபோல் ஓலை விரிக்கும் லிக்குவாலா கிராண்டிஸ். கடைசியாகச் சொன்னது இன்றைக்கு அவ்வளவு அபூர்வமில்லை. ஆனாலும் அதை விட்டுவிட்டு ஒப்பிட்டால் நேர்மையாக இருக்காது. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

பொதுவாக நாம் படத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது யாராவது யோசனை கேட்டால் நான் முதலில் கேட்பது வேறு: உங்கள் இடத்தில் வருடத்திலேயே மோசமான மாதம் எது? அந்த மாதம் காய்கிறதா, குளிர்கிறதா, காற்றுப் பிடுங்குகிறதா? சராசரி வெப்பநிலை இத்தனை, வருட மழை இத்தனை என்று கணக்குச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு செடி எவ்வளவு வேகமாக வளரும் என்பதைத்தான் சொல்லும். இருக்குமா போகுமா என்பதை அந்த ஒரு மாதம்தான் முடிவு செய்கிறது. நான்கு பனைகளும் பிரிந்து நிற்பதும் அந்த இடத்தில்தான்.

தென்னை ஓலை கீற்றுக் கீற்றாகப் பிரிந்திருக்கிறது. காற்றடித்தால் கீற்றுகள் விலகி வழிவிடும். வெயிலடித்தால் இடையில் ஓடும் காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். ஜோயியின் ஓலை அப்படி இல்லை, பிரியாத ஒரே பரப்பு. பரப்பு பெரிதாகப் பெரிதாக அதன் மேல் ஒட்டி நிற்கும் அசையாத காற்றுப் படலமும் தடிக்கிறது, சூடு சுலபத்தில் வெளியேறுவதில்லை. நேர் வெயிலில் ஓலையின் சூடு சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி ஏறிவிடும். அதைத் தணிக்கச் செடி நீராவி விட்டாக வேண்டும். வேர் அனுப்பும் தண்ணீர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காத நாளில் விளிம்பு தீய்ந்துபோகிறது. காட்டுத் தரையில் இந்தத் தொல்லையே கிடையாது. உச்சியில் விழும் வெளிச்சத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான் கீழே வந்து சேரும், காற்றும் அசைவதில்லை. அந்தச் சொற்ப வெளிச்சத்தை வீணாக்காமல் பிடிக்கத்தான் அவ்வளவு அகலம். ஓலை மடிப்பு மடிப்பாக இருப்பதும் அலங்காரத்துக்காக இல்லை. காகிதத்தை விசிறிபோல மடித்தால் விறைத்து நிற்கிறதே, அதே வேலைதான்.

ஆக, ஓலை எவ்வளவு முழுதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வறண்ட காற்றும் வெயிலும் அதற்கு எதிரி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஜோயி பாம்

யோஹன்னஸ் எலியாஸ் டைஸ்மான் என்பவர் ஜாவாவில் உள்ள போகோர் தாவரவியல் தோட்டத்தை நெடுங்காலம் பார்த்துக்கொண்ட டச்சுக்காரர். அவர் நினைவாக இதற்கு முதலில் டைஸ்மானியா என்றுதான் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு செடிக்குப் போயிருந்தது. அதனால் 1961-இல் பனை ஆய்வாளர் ஹெரால்ட் மூர் டைஸ்மானுடைய முதற்பெயரையும் சேர்த்து ஒட்டிவிட்டார். வாயில் நுழையாத பெயர் வந்த கதை இதுதான். பேரினத்தில் மொத்தம் நான்கு இனங்கள். ஆல்டிஃப்ரான்ஸ்தான் பரவலானது, தெற்குத் தாய்லாந்து, தீபகற்ப மலேசியா, சுமத்ரா, மேற்கு போர்னியோ என்று நான்கு இடங்களில் காட்டில் வளர்கிறது. மற்ற மூன்றையும் இன்னொரு பனை ஆய்வாளரான ஜான் டிரான்ஸ்ஃபீல்ட் 1972-இல் விவரித்தார். அவை தீபகற்ப மலேசியாவைத் தாண்டி எங்கும் இல்லை. லான்சியோலாட்டாவின் ஓலை ஒடுக்கம். பெராகென்சிஸ் மட்டும் தரைக்கு மேல் தண்டு வைக்கும். மாக்னிஃபிகாவின் ஓலை அடியில் வெள்ளி பூசியதுபோல் இருக்கும், சேகரிப்பவர்கள் தூக்கம் கெடுவது அதனால்தான்.

வளர்ந்த ஜோயியின் ஓலை மூன்று மீட்டர் நீளமும் போகும். தண்டு மண்ணுக்குள்ளேயே இருப்பதால் ஓலைகள் தரையிலிருந்து நேராக எழுவதுபோல் தெரியும். மலாய் மொழியில் இதற்குக் குடையிலை என்று பொருள்படும் பெயர் உண்டு. காட்டில் வாழும் மக்கள் இந்த ஓலையால் கூரை வேய்ந்திருக்கிறார்கள். ஒரு மழை நாளில் இதன் அடியில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் புரியும். தண்ணீர் மடிப்பின் பள்ளங்களில் கோடு கோடாக இறங்கி மட்டையை நோக்கி ஓடுகிறது, கீழே ஒரு சொட்டு விழுவதில்லை. உதிர்ந்த சருகும் அதே வழியில் நடுவில் போய்ச் சேர்ந்து அங்கேயே மக்குகிறது. தனக்கு வேண்டிய எருவைத் தானே சேர்த்துக்கொள்ளும் பனை இது. அதனால் நடுவில் தங்கும் சருகைக் குப்பை என்று துடைத்தெடுக்காதீர்கள்.

வளர்ப்பதில் இதன் குணம் என்ன? நிழல் வேண்டும், 70 முதல் 80 சதவீத நிழல்வலைக்குக் கீழே நன்றாக இருக்கும். காற்று ஈரமாக இருக்க வேண்டும். குளிரை, மழைக்காட்டுச் செடி என்று நாம் நினைப்பதைவிட நன்றாகவே தாங்கும். சில மணி நேரம் ஒற்றை இலக்க டிகிரிக்கு இறங்கினாலும் பெரிய சேதமில்லாமல் பிழைத்ததாக வளர்ப்பவர்கள் சொல்வார்கள். இதற்கு ஆகாதது இரண்டே இரண்டு. ஒன்று வறண்ட காற்று. இன்னொன்று வேரைத் தொடுவது.

வேரைத் தொடுவது பற்றி எனக்குச் சொல்ல உரிமை உண்டு, ஒன்றைக் கொன்றிருக்கிறேன். வெறும் தேங்காய் நார்த்தூளில் வைத்திருந்தேன். மேல்பக்கம் காய்ந்து தெரியும், நான் ஊற்றுவேன். அடிப்பக்கம் எப்போதும் சொதசொத என்று இருந்திருக்கிறது, அது எனக்குத் தெரியவில்லை. ஓலை லேசாக மங்கியதும் பதற்றத்தில் தொட்டியைக் கவிழ்த்து, வேரைக் கழுவி, புது மண்ணில் வைத்தேன். மூன்று வாரத்தில் குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். சேற்றில் நட்ட குச்சிபோல் கையோடு வந்துவிட்டது. நுனி பழுப்பாகக் குழைந்து புளித்த வாடை அடித்தது. ஒற்றைத் தண்டுப் பனைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று. அது அழுகினால் பக்கத்தில் துளிர்க்க வேறு மொட்டு கிடையாது. ஓலைகள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் இன்னும் இரண்டு மாதம் பச்சையாக நின்றன, அதுதான் கொடுமை.

இப்போது நான் போடும் கலவை: தேங்காய் மட்டைத் துண்டுகள் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலைமண் ஒரு பங்கு. ஊற்றிய தண்ணீர் நின்று யோசிக்காமல் ஓடிவிட வேண்டும், ஆனால் துண்டுகள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். தொட்டி ஆழமாக இருக்கட்டும். விதை முளைக்கும்போதே இது முதலில் கீழ்நோக்கித்தான் இறங்கும், ஓலை அப்புறம்தான். தொட்டி மாற்றினால் மண்கட்டி உடையாமல் அப்படியே தூக்கி வைக்க வேண்டும், கழுவக் கூடாது.

கெரியோடாக்ஸா

இதன் பேரினத்தில் இது ஒன்றுதான், கெரியோடாக்ஸா எலிகன்ஸ். ஃபூக்கெட் தீவிலும் தெற்குத் தாய்லாந்தின் காவ் சொக் பகுதியிலும் மட்டும் காட்டில் இருக்கிறது. அயர்லாந்து மருத்துவரும் தாவரச் சேகரிப்பாளருமான ஆர்தர் கெர் 1929-இல் இதைச் சேகரித்தார். அதற்கு ஒரு பெயர் கிடைக்க 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, பெயர் வைத்தவர் அதே டிரான்ஸ்ஃபீல்ட்.

விசிறி ஓலை, ஆனால் நுனிப்பக்கம் பிளவு ஆழமாகப் போகாது. மேலே கரும்பச்சை, கீழே சுண்ணாம்பு வெள்ளை, மட்டை கிட்டத்தட்டக் கறுப்பு. காற்று ஒரு தரம் ஓலையைப் புரட்டிப் போட்டால் தோட்டத்தின் நிறமே மாறும். வெள்ளை யானைப் பனை என்று இதைச் சொல்வதற்கு அந்த அடிப்பக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஜோயிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த மோசமான மாதத்தில் தெரியும். கெரியோடாக்ஸாவுக்கும் நிழல் வேண்டும், காற்று மறைப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும். ஆனால் கொஞ்சம் தவறினாலும் மன்னிக்கும். மழைக்காட்டுக்குச் சற்றும் தொடர்பில்லாத தெற்குக் கலிபோர்னியாவின் கரையோரத் தோட்டங்களில்கூட இதை வளர்க்கிறார்கள். அங்கே கோடையில் மழையும் கிடையாது, குளிர்கால இரவுகள் மழைக்காட்டுச் செடிக்கு உகந்தவையும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் நிற்கும் ஒரு பனை உங்கள் மூலையில் நிற்கும் வாய்ப்பு அதிகம். வேரைத் தொட்டாலும் ஜோயி அளவுக்குக் கோபித்துக்கொள்வதில்லை.

குறை என்று சொன்னால் இரண்டு. பெருத்த இடம் எடுக்கும், முழுதாக வளர்ந்தபின் சுற்றிலும் நான்கு மீட்டராவது ஒதுக்க வேண்டும். அடுத்து, ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும்வரை எது எது என்று தெரியாது. சொந்த விதை வேண்டும் என்ற ஆசை இருந்தால் மூன்று நான்கு செடிகளாவது வைக்க வேண்டும். ஒரே மூலை உள்ளவர்கள் அந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

சிவப்புப் பனை

லிப்ஸ்டிக் பாம் வேறு விதமான முடிவு. மற்ற மூன்றும் நிழல் கேட்டால் இது வெளிச்சம் கேட்கிறது, மற்ற மூன்றும் வடிகால் கேட்டால் இது தண்ணீர் கேட்கிறது. தாய்லாந்திலிருந்து போர்னியோ வரை கரி மண் சதுப்புக் காடுகளில் வளரும் பனை. அந்த மண்ணின் அமிலத்தன்மை கடுமையானது, பி.எச். அளவு 4-ஐ ஒட்டி இருக்கும். தொட்டியோடு ஆழமில்லாத குளத்தில் இறக்கி வைத்தாலும் சந்தோஷமாக நிற்கும்.

ஆனால் குளிர் என்றால் சமரசமே கிடையாது. 15 டிகிரிக்குக் கீழே இரவுகள் தொடர்ந்து போனால் வளர்ச்சி நின்று ஓலையில் கறை விழ ஆரம்பிக்கும். 10-க்குக் கீழே போனால் செடி பிழைப்பதே சந்தேகம். உங்கள் மோசமான மாதம் குளிர் மாதம் என்றால் இந்தப் பத்தியை இங்கேயே விட்டுவிடலாம். காயும் மாதம் என்றால், தண்ணீர் மட்டும் நிற்காமல் கிடைக்குமானால், நான்கில் வெயிலைத் தாங்கக்கூடியது இதுதான். கடின நீர் ஊற்றினால் ஓலை நுனி கருகும், சுண்ணாம்பு மண்ணில் புது ஓலை வெளிறும். மழைநீர் பிடித்து வைக்க வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கொத்தாக வளர்வதால் பிரித்துவிடலாம் என்று தோன்றும். பிரித்த கன்றுகளில் பாதி போய்விடும், வேரோடு வந்தவை மட்டும்தான் நிற்கும். நாற்றாகவே வாங்குவது மேல். நாற்றில் சிவப்பு தெரிய வருடக்கணக்காகும், அதுவரை சாதாரணப் பச்சைச் செடியாகத்தான் இருக்கும்.

லிக்குவாலா கிராண்டிஸ்

வனுவாட்டுப் பக்கத்துத் தீவுகளின் செடி. மடிப்பு மடிப்பாக, விளிம்பில் பல் வெட்டிய, கிட்டத்தட்ட முழு வட்டமான ஓலை. மூன்று மீட்டருக்கு மேல் போவது அரிது. தொட்டியிலேயே வருடக்கணக்கில் அழகாக இருக்கும். எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகச் சேகரிப்பவர்கள் இதை ஏளனமாகப் பார்ப்பார்கள். நான் அப்படிப் பார்க்கமாட்டேன். பிரியாத ஓலைப் பனைக்கு உங்கள் இடம் ஏற்றதா என்று சோதித்துப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. ஒரு வருடம் முழுக்க வைத்துப் பாருங்கள். மோசமான மாதத்தைத் தாண்டியும் விளிம்பு கருகாமல் நின்றால் ஜோயியைப் பற்றி யோசிக்கலாம். விளிம்பெல்லாம் காகிதம்போல் சுருண்டால், ஜோயிக்குச் செலவழிக்க இருந்த பணம் மிச்சம்.

இந்த நான்கைத் தாண்டியும் ஆசைப்படுபவர்கள் உண்டு. மடகாஸ்கரின் மரோஜெஜ்யா டாரியானி 1982-இல் கண்டுபிடிக்கப்பட்டு 1984-இல் பெயர் பெற்றது. பள்ளத்தாக்குச் சதுப்பில் வளர்வது, ஜோயியைவிடப் பெரிய பிரியாத ஓலை. காட்டில் எஞ்சியவை மிகக் குறைவு. கேட்கும் ஆள் இருப்பதால்தான் அங்கே விதை பறிக்கப்படுகிறது என்பதை நினைத்தால் எனக்குக் கை வரவில்லை. சீஷெல்ஸ் தீவுகளின் வெர்ஷாஃபெல்ஷியா தாங்குவேர்களில் ஏறி நிற்பது கண்கொள்ளாக் காட்சி, ஆனால் இளம் வயதில் உடம்பெல்லாம் முள். வீட்டுக்குள் மங்கிய வெளிச்சத்தில் வைக்கத்தான் பனை வேண்டும் என்றால் இவை எதுவும் வேண்டாம். மெக்சிகோவின் சாமடோரியா மெட்டாலிகா போதும். உலோகப் பளபளப்பு, ஆள் உயரம், வறண்ட அறையையும் பொறுத்துக்கொள்ளும்.

விதையா, நாற்றா, வளர்ந்த செடியா?

எந்தப் பனை என்பதற்குச் சமமாக முக்கியமான கேள்வி இது, பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

மழைக்காட்டுப் பனைகளின் விதை நெல், கம்பு மாதிரி காயவைத்துச் சேமிக்கும் விதை இல்லை. காய்ந்தால் செத்தது. அது எந்த வாரத்தில் பறிக்கப்பட்டது, ஈரப்பாசியில் பொதிந்து வந்ததா என்று கேளுங்கள். விற்பவர் பதில் சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள். சதையை முழுதாக நீக்கி, ஈரமான பாசியோ நார்த்தூளோ வைத்த பையில் போட்டு, 28 முதல் 32 டிகிரி சூட்டில் வைக்க வேண்டும். நார்த்தூளைக் கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது. பிறகு மறந்துவிட வேண்டும். ஜோயி விதையை எட்டாவது மாதத்தில் தூக்கி எறிந்துவிட்டுப் பத்தாவது மாதத்தில் குப்பைக் குழியில் முளைத்துப் பார்த்தவர்கள் உண்டு. நான் அந்தப் பட்டியலில் இல்லை, மயிரிழையில் தப்பினேன்.

பெரிய ஜோயியாக வாங்கினால் காலம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் பெரிய செடி காட்டிலிருந்து பிடுங்கி வந்ததாக இருந்தால் வேர் பாதி அறுந்திருக்கும், அது நின்று செத்துக்கொண்டிருக்கும் செடி. தொட்டியை லேசாக ஆட்டிப் பாருங்கள். செடி மட்டும் தனியாக ஆடினால் வேர் பிடிக்கவில்லை. அடித்துளையில் வெள்ளை வேர் நுனி எட்டிப் பார்த்தால் நல்லது. என் பரிந்துரை மூன்று நான்கு ஓலை விட்ட நாற்று. விதைக்குள்ளிருந்த சேமிப்பு தீர்ந்து சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியிருக்கும், புது இடத்துக்குப் பழகும் வயதும் அதற்கு இருக்கும்.

நட்ட பிறகு ஓலையில் ஏதாவது தெரிந்தால் உடனே மருந்து தேட வேண்டாம், எந்த ஓலை என்று பாருங்கள். பழைய ஓலையில் ஆரஞ்சுப் புள்ளிகள் என்றால் பொட்டாசியம் போதவில்லை. பழைய ஓலையின் விளிம்பு அகலமாக மஞ்சளாகி நடு பச்சையாக இருந்தால் மக்னீசியம். புது ஓலையே குட்டையாகக் கசங்கி வந்தால் மாங்கனீசு. பொட்டாசியம் குறைந்த ஓலை அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டக் கூடாது. புது ஓலைக்கு வேண்டியதைச் செடி அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருக்கிறது. வெட்டினால் அடுத்த ஓலையிலிருந்து எடுக்க ஆரம்பிக்கும், நோய் மேலே ஏறும். மெதுவாகக் கரையும் உரம், கொஞ்சம் கொஞ்சமாக, அவ்வளவுதான். அடிப்பக்கத்தில் மெல்லிய வலை தெரிந்தால் அது சிலந்திப் பேன், காற்று வறண்டிருக்கிறது என்பதற்கான அடையாளமும்கூட.

சரி, மூலைக்கு வருவோம். காற்று ஓயாமல் அடிக்கும் இடமா, நான்கில் எதையும் வைக்காதீர்கள், முதலில் வேலி போல உயரச் செடிகளை வளர்த்து இரண்டு வருடம் கழித்து வாருங்கள். ஈரமும் நிழலும் வருடம் முழுக்க இருந்து, தண்ணீரும் மென்மையாக இருந்தால் ஜோயி. அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாத, ஆனால் இடம் தாராளமாக உள்ளவர்களுக்குக் கெரியோடாக்ஸா. கேட்பவர்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான், நான் சொல்லும் பதிலும் பெரும்பாலும் இதுவே. குளிரே தெரியாத ஊரும் ஒரு குட்டையும் வெயிலும் இருந்தால் சிவப்புப் பனை. மோசமான மாதம் எப்படி இருக்கும் என்றே தெரியாத புது இடம் என்றால் தொட்டியில் ஒரு லிக்குவாலா.

எதை வைத்தாலும், நட்ட அன்றே குருத்தும் பக்கத்து மட்டையும் ஒட்டும் இடத்தில் இரண்டின் மேலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஓலையின் நிறத்தைப் பார்த்துக் கவலைப்படுவதைவிட இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கோட்டைப் பாருங்கள். குருத்தின் மேலிருக்கும் பாதி ஒரு விரற்கடை உயர்ந்திருந்தால் கீழே எல்லாம் சரியாக நடக்கிறது. வெயில் மாதத்தில் கோடு இரண்டு மாதமாக அசையவே இல்லையென்றால் தண்ணீரை நிறுத்திவிட்டு, அடித்துளையில் விரலை விட்டு ஈரம் பாருங்கள். குருத்தை மட்டும் இழுத்துப் பார்க்காதீர்கள்.